அரிசி செக்கிங்

நான்காம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, அப்பாவுக்கு என்ன வேலை, அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். எங்கள் வகுப்பில் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டெய்லர், அயர்ன், பேக்கிங், கட்டிங் மாஸ்டர், சாயப்பட்டறை. என் முறை வந்ததும் நான் எழுந்து நின்று, "அப்பா சும்மா இருக்காங்க டீச்சர். அம்மா சர்ச்சுல அரிசி செக்கிங்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, அப்படியொரு வேலை திருப்பூரில் கிடையாது, வீட்டில் சரியாகக் கேட்டுக்கொண்டு வா என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற எல்லா வேலையும் டீச்சருக்குத் தெரிந்துவிடுமா என்ன? என் அம்மா அந்த வேலையைச் செய்து சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கி வருவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் சொன்னதுதான் சரி. அப்படியொரு வேலை திருப்பூரில் கிடையாது. வேறெங்கும் இருப்பதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மண்ணரையில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து முடித்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், பிசிறு நூல் எல்லாவற்றையும் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வாராம். இதை அம்மா அடிக்கடி சொல்லமாட்டாள். சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

சாயத் தண்ணீர் நொய்யலில் கலக்கிறதென்று கோர்ட்டு உத்தரவில் பட்டறைகளையெல்லாம் மூடிய காலம் அது. பள்ளிக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்று, இன்றைக்கு ஆறு என்ன கலர் என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பட்டறைகள் மூடியபின் ஆற்றில் கலர் வருவது நின்றுபோனதில் எனக்கு ஏக வருத்தம். அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் ஊறிக்கிடந்த நீலமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வெளியேறி, விரல்கள் வெளுத்துப்போயின. அப்பாவின் கை இப்போதுதான் அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அப்பா கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

சாயம் இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் தையல் இல்லை, தையல் இல்லாவிட்டால் செக்கிங் மட்டும் எங்கிருந்து வரும்? அம்மாவின் கம்பெனியிலும் சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். அன்று சாயங்காலம் ஊரே பையும் கையுமாகத் திரியும். எங்கள் வீட்டில் மட்டும் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமை மாதிரியே ஆகிவிட்டது. ரேஷன் அரிசி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கஞ்சியில் தண்ணீர்தான் முன்னால் வரும்.

ஊருக்கே போய்விடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்தார். ஊரில் எங்களுக்குச் சித்தப்பா வீட்டு வாசலைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அங்கே போனால் பிள்ளையின் படிப்பு அவ்வளவுதான் என்று அம்மா ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பாள். அந்தப் பிள்ளை நான்தான் என்பதால், அதைக் கேட்கும்போதெல்லாம் புத்தகப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

பக்கத்து வீட்டில் வேஸ்ட் துணி வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். கழித்துப்போட்ட பனியன் துணியில் பை தைத்து அந்தம்மா சும்மாவே சர்ச்சுக்குக் கொடுப்பது வழக்கம். சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலம் வேலையில்லாத குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறார்கள், எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை, போய் வாங்கிக்கொள் என்று அவர்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாளே தவிர, இரண்டு சனிக்கிழமைகள் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வீட்டில் அரிசிப் பானை காலி. பையைச் சின்னதாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என்று நேரம் குறித்தது யாராக இருந்தாலும் அவரை இப்போது கும்பிடத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் பையோடு நடந்துபோகிறவர்களைப் பார்த்தால் சம்பளம் வாங்கிச் சாமான் வாங்கிப் போகிறவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சர்ச் வாசலுக்குள் நின்ற வரிசையில் அந்த வசதி இல்லை. அங்கே நிற்பவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், முன்னால் நின்ற பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கை தானாகப் போய் அதை நகத்தால் கிள்ளி எடுத்தது. பக்கத்தில் இன்னொன்று. அதையும் எடுத்தாள். வரிசை நகர்ந்து எங்கள் முறை நெருங்கியபோது திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்து, "வாட்டி, போவோம்" என்று வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் நில்லுங்க."

பாஸ்டரின் மனைவி. பாஸ்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தடிமனான கண்ணாடி, வேகமான நடை.

"இல்லம்மா, சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்" என்றாள் அம்மா.

"அது இருக்கட்டுமுங்க. நீங்க செக்கிங்ல இருந்தவிய தானுங்க? அந்தக்கா ஜாக்கெட்டுல நூலு எடுத்ததைப் பாத்தனுங்க."

அம்மா ஆமாம் என்றாள்.

"அப்படீன்னா எனக்கு உங்க கண்ணு வேணுமுங்க" என்று பாஸ்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்ச்சுக்கு வருகிற பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போடுவது வழக்கம். பிடி அரிசி என்று பெயர். அதைத்தான் வேலையில்லாத வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பிடி என்பதால் ஒருத்தி பச்சரிசி போடுவாள், ஒருத்தி புழுங்கலரிசி போடுவாள், எல்லாம் ஒரே டிரம்மில் கிடக்கும். பொங்கினால் பாதி குழைந்துவிடுகிறது, பாதி வேகவில்லை என்று வாங்கிப் போகிறவர்கள் சொல்கிறார்களாம். தனித்தனியாகப் பிரிக்கலாமென்றால் பாஸ்டரம்மாவுக்குக் கண் தெரியவில்லையாம்.

"செக்கிங் பண்ணுன கண்ணுக்குத்தானுங்க அது ஆகும். சும்மா வேண்டாமுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நம்மகிட்ட இருக்கறதைச் சம்பளமா வாங்கிக்குங்க. இந்த வாரத்துக்கு அட்வான்சுங்க."

அம்மா உள்ளங்கைக்குள் மடித்து வைத்திருந்த பையை விரித்தாள். பிறகு, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அம்மா தலையைப் படிய வாரி, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு பட்டன் மாட்டிக்கொண்டாள். கம்பெனிக்குப் போகும்போது பெண்கள் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். வெகுநாளாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சட்டை அது. அதை அவள் மாட்டியதைப் பார்த்ததும் இது நிச்சயமாக வேலைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே ஜன்னலோரமாகத் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு அம்மா உட்காருவாள். புழுங்கலரிசி மங்கிய கண்ணாடி நிறத்தில் இருக்கும், பச்சரிசி சுண்ணாம்பு வெள்ளை. விரல் நுனியால் அரிசியைப் பரப்பி, வெள்ளையை இந்தப் பக்கம் தள்ளி, மற்றதை அந்தப் பக்கம் தள்ளி, கல்லும் கறுப்பும் கிடந்தால் 'ரிஜெக்ட்' என்று ஓரமாக வைப்பாள். பள்ளி விட்டதும் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். நான் பிரித்ததை அவள் மறுபடி ஒருமுறை பார்ப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

உள்ளதைச் சொன்னால், யோசிக்கிற எவரும் செய்கிற வேலை இல்லை அது. கலந்த அரிசியை ஊறப்போட்டு மாவாட்டிவிடலாம், உடைத்துக் கஞ்சி வைக்கலாம். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாதா, பாஸ்டரம்மாவுக்குத்தான் தெரியாதா? எனக்குத் தெரியாது. நாளெல்லாம் உட்கார்ந்தாலும் ஒரு படி தேறுவது பெரும்பாடு. ஆனால் அந்தத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அம்மா சமயங்களில் பாட்டு முணுமுணுத்தாள். வீட்டில் அவள் பாடி மாதக்கணக்காகியிருந்தது.

சனிக்கிழமை சம்பளம். பாயம்மா தைத்த பனியன் பையில் அரிசி, பருப்பு, எண்ணெய் பாக்கெட். பனியன் துணி இழுபடும் என்பதைப் பை தைக்கிற உற்சாகத்தில் யாரும் யோசிக்கவில்லை. சர்ச்சில் வாங்கும்போது என் இடுப்பளவு இருக்கிற பை, பாலத்துக்கு வருவதற்குள் முழங்காலுக்கு இறங்கும். மண்ணரை வந்து சேரும்போது தரையைத் தொடும். வழியிலேயே அரிசி பெருகுகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு, "ஒங்க கம்பெனி அரிசி ருசியாத்தான் இருக்கு" என்பார். அம்மா, "கம்பெனியக் குறை சொல்லப்படாது" என்பாள். ஊருக்குப் போகிற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது.

இதற்கிடையில் சர்ச் வாசலில் இரண்டு டிரம்கள் வந்துவிட்டன. ஒன்றில் பச்சரிசி, இன்னொன்றில் புழுங்கலரிசி என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். பிடி அரிசி கொண்டுவருகிறவர்கள் பார்த்துப் போட்டார்கள். ஆனாலும் எங்கள் அறைக்கு வருகிற அரிசி மட்டும் எப்போதும் கலந்தே வந்தது. ஒட்டியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்போல என்று நான் முடிவுசெய்துகொண்டேன்.

ஒருநாள் பள்ளி அரைநாளோடு விட்டுவிட்டது. அம்மா இன்னும் வீட்டுக்கு வந்திருக்கமாட்டாள் என்று நான் நேராக அந்த அறைக்குப் போனேன். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள்போல, பாஸ்டரம்மா உள்ளே தனியாக இருந்தார். அம்மா முந்தின நாளெல்லாம் பிரித்துவைத்த பச்சரிசிப் பாத்திரத்தை எடுத்து, புழுங்கலரிசி இருந்த அண்டாவில் சாய்த்துக் கொட்டினார். பிறகு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, நன்றாக அடிவரை கிண்டிக் கலந்தார். வாய் ஏதோ ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனார்.

"கண்ணு, எப்பொ வந்தே?" என்றார். பிறகு என் பக்கத்தில் குனிந்து, "இதை அம்மாகிட்டச் சொல்லீராத கண்ணு" என்று ஒரு தேங்காய் பன்னை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவருக்கு மறதி என்று எனக்குப் பட்டது. பிரித்த அரிசி எது, பிரிக்காத அரிசி எது என்று தெரியாமல் கொட்டிவிட்டார், இப்போது வெளியே தெரிந்தால் பாஸ்டர் திட்டுவார் என்று பயப்படுகிறார். பாவமாகத்தான் இருந்தது. பன்னைத் தின்று முடிக்கும் வரைக்கும் வாக்கைக் காப்பாற்றினேன். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது, அம்மா விரல் வலிக்கிறதென்று நெட்டி முறித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நீ கஷ்டப்பட்டுப் பிரித்ததையெல்லாம் அந்தம்மா மறுபடி கலந்துவிட்டார், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு நியாயம் வாங்கிக் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

அம்மா நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்னவோ அவள் பாஸ்டரம்மா மேல் கோபப்படுவாள் என்றுதான் எதிர்பார்ப்பு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவள், மறுநாள் அதை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. சனிக்கிழமை வந்தது, சம்பளம் வாங்கவும் போகவில்லை. என்ன என்று அப்பா கேட்டதற்கு, "வேலை முடிஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னாள். அப்பா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். ஊருக்குப் போகிற பெட்டி அது. கஞ்சியில் மறுபடி தண்ணீர் முன்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பாஸ்டரம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பை எதுவும் இல்லை. வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்வை.

"வாங்கம்மா" என்றாள் அம்மா. குரல் வறண்டிருந்தது.

பாஸ்டரம்மா உட்காரவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அம்மிணி, நான் பண்ணுனது தப்புங்க" என்றார். "பிரிக்கறதுக்கு அரிசி தீந்து போச்சுன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு தெரியுமுங்க. சும்மா குடுத்தா வாங்கமாட்டீங்க. எனக்கு வேற ரோசனை தோணலீங்க. உங்களைச் சின்னப்படுத்தோணும்னு பண்ணலீங்க."

அம்மா தலையைக் குனிந்தே நின்றாள். பாஸ்டரம்மாவின் சேலை முந்தானையில் ஒரு நூல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் பார்வை அதில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் கை போய்விட்டது. நூலைக் கிள்ளி எடுத்துவிட்டு, முந்தானை ஓரத்தை விரலால் ஒருமுறை நீவி, வேறு பிசிறு இருக்கிறதா என்று பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: "கலந்தா என்ன இப்ப? செக்கிங்னு இருந்தா ரீசெக்கிங்னு ஒண்ணு உண்டுல்லா. கம்பெனில நாங்க பண்ணாத ரீசெக்கிங்கா?"

பாஸ்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் துடைத்துக்கொண்டாள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். மறுநாள் காலை அம்மா அப்பாவின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். அப்பா தகரப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

அதன் பிறகு கொட்டுகிறவருக்கும் ஒளிவில்லை, பிரிக்கிறவளுக்கும் வருத்தமில்லை. நான் பள்ளியில் படித்தேன். இன்றைக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், நடுவில் அந்த அறையும் அந்தத் தாம்பாளமும் இருந்ததால்தான். யாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பாவின் நகக்கண்ணில் நீலம் திரும்பி வந்தது. ஒருநாள் அம்மாவின் கம்பெனியிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். முதல் சனிக்கிழமைச் சம்பளத்தில் சாமான் வாங்கி வந்ததும், அம்மா காலி பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து அடுப்படியில் வைத்தாள். அன்றிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதற்குள் போகும். சுவரில் சுடலைமாடன் படத்துக்கு விளக்கேற்றுகிற வீட்டில் சர்ச்சுக்குப் பிடி அரிசி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, வேலை செய்த கம்பெனிக்குத் தருவதுதானே என்றார்.

டப்பா நிறைந்த நாளில் அம்மா அதை எங்கள் வீட்டு அண்டாவில் கொட்டினாள். எல்லாம் நல்ல புழுங்கலரிசி. பிறகு ரேஷனில் வாங்கிய பச்சரிசியை எடுத்து அதன் மேலேயே சாய்த்தாள். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடிவரை கிண்டினாள்.

"எம்மா! அங்க தனித்தனியா ரெண்டு டிரம்மு இருக்கும்மா!" என்று நான் கத்தினேன்.

"தெரியும்ட்டி. நீ சும்மா இரி" என்றாள்.

சர்ச் வாசலில் அந்த இரண்டு டிரம்களையும் அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்னாலிருந்த அறைக்குப் போனாள். எங்கள் இடத்தில், ஜன்னலோரமாக, எனக்குத் தெரியாத ஓர் அக்கா உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. பக்கத்தில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, ரிஜெக்ட் கற்களை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தில் கொஞ்சம்தான் அரிசி மிச்சம் இருந்தது. பாஸ்டரம்மா எங்கள் பையை வாங்கி, உள்ளே கைவிட்டு அள்ளிப் பார்த்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னுங்க அம்மிணி, இப்படிக் கலந்து கொண்டாந்துட்டீங்க?" என்றார், அந்த அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாக.

"கவனிக்காமப் போயிட்டேம்மா" என்றாள் அம்மா.

அந்த அக்கா தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நான் பிரிச்சுத் தாரேன், குடுங்க" என்று கையை நீட்டினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அம்மாவைக் கோபித்துக்கொண்டே வந்தேன். பாஸ்டரம்மாவோடு பழகிப் பழகி உனக்கும் மறதி வந்துவிட்டது என்றேன். அம்மா என்னை நிறுத்தி, என் தோளில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கிள்ளிக் காற்றில் விட்டாள்.

"ஆமாட்டி, வந்துட்டு" என்றாள்.